மூன்று வயதுக்குக் கீழ் இலவசம்

பதினோரு வருஷமாக இந்த வாசலில்
வண்டி நிறுத்துகிறேன்.
மதுரைக்காரர்கள், சேலத்துக்காரர்கள்,
ஒருமுறை பூனாவிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம்.
எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டுக்
கண்ணாடி துடைப்பேன், டீ குடிப்பேன்.
"உள்ளே என்ன இருக்கு டிரைவர்?"
"சூப்பரா இருக்கும் சார், முக்கால் மணி நேரம்."
முக்கால் மணி நேரம் மட்டும் உண்மை.

இன்று செவ்வாய். விட்டு விட்டு மழை.
ஒரு சவாரியும் இல்லை.
லூர்து நைட் டூட்டி முடித்து வந்திருந்தாள்.
தூங்கச் சொன்னேன்.
"பிள்ளைய எங்கயாவது கூட்டிட்டுப் போலாம்" என்றாள்,
முகம்கூடக் கழுவாமல்.

மூஞ்சிக்கல்லிலிருந்து ஏழு நிமிஷம்.
டிக்கெட் கொடுக்கிற பரமன்
என் கையையே பார்த்தான்,
காசு நீட்டுகிறேன் என்று நம்பாமல்.
பெரியவர் இரண்டு.
எஸ்லின் இலவசம்:
இருபது மாதம், எட்டுப் பல்,
தெரிந்த வார்த்தை பதினாலு,
அதில் ஒன்பது "வேணாம்".

உள்ளே எங்கு திரும்பினாலும்
"தொட்டுப் பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறது.
ஆள் உயரத்துக்கு ஒரு கடைவாய்ப் பல், சொத்தையோடு.
தொடவில்லை.
பொத்தானை அழுத்தினால் துடிக்கும் இதயம்.
நான்தான் அழுத்தினேன், நாலு தடவை.
"இடது பக்கம் பல்பு எரியல" என்றாள் லூர்து,
சுவரில் சாய்ந்து, கண்ணை மூடியபடி.
ஆளைக் குண்டாக்கும் கண்ணாடி முன்
நாங்கள் இருவரும் சிரித்தோம்.
எஸ்லின் எங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பிடித்தவை வேறு.
அப்போதுதான் துடைத்த ஈரத் தரை.
மணல் நிரப்பிய சிவப்பு வாளி.
ஜன்னல் வழியே விழுந்த ஒரு சதுர வெயில்.
மேகம் வந்து அதை எடுத்துக்கொண்டு போனதும்
குத்தவைத்து உட்கார்ந்து
தரையைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள்.

கடைசி அறையில்தான்
"தொடாதீர்கள்".
ஒரே ஒரு பலகை.
கண்ணாடிக்குப் பின்னால் காட்டெருமை.
நாலு காலுக்கும் வெள்ளைக் காலுறை,
வயிற்றோரம் தையல் விட்டுப் பஞ்சு தெரிகிறது.
கண் கோலிக்குண்டு மாதிரி.
கோலிக்குண்டேதானோ என்னவோ.
ஓடினாள்.
இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் அப்பினாள்.
எக்கி நின்று நக்கினாள்.
"மா" என்றாள்.
"என்னம்மா" என்று லூர்து குனிந்தாள்.
தலையை ஆட்டினாள்,
நீ இல்லை.

பரமன் வந்தான்.
பலகையைப் பார்த்தான், எச்சிலைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

திரும்பும்போது பனி இறங்கிவிட்டது.
லைட் போட்டு, இரண்டாவது கியரில்.
எங்கள் சந்து முனையில்
குப்பைத் தொட்டியை மறைத்துக்கொண்டு
அது நின்றது.
அதே வெள்ளைக் காலுறை.
வாயில் முட்டைக்கோஸ் தழை, மூக்கில் புகை.
என்ஜினை அணைத்தேன். இங்கே அதுதான் வழக்கம்.
லூர்து மடியிலிருந்து எக்கி
எஸ்லின் முன் கண்ணாடியில்
இரண்டு கையையும் அப்பினாள்.
அது தலையைத் திருப்பிச்
சாவகாசமாகப் பார்த்தது:
உள்ளே மூன்று, ஒன்று சின்னது.
எத்தனை நேரமோ.
முக்கால் மணி நேரம் இருக்காது.
பிறகு, போதும் என்பது போல,
பாஸ்டின் வீட்டு வேலியை உரசிக்கொண்டு போயிற்று.

வீட்டில் சாக்ஸைக் கழற்றும்போதுதான் தெரிந்தது,
ஒரு ஷூ இல்லை.
அந்தப் பெட்டிக்குக் கீழேதான் கிடக்கும்,
நக்குவதற்கு எக்கியபோது கழன்றிருக்கும்.
"நாளைக்கு உள்ள போய் எடுத்துட்டு வா" என்று
சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள் லூர்து,
பிள்ளையின் வெறுங்காலை
ஒரு கைக்குள் பொத்தியபடி.

நாளை ஒன்பது மணிக்கு
ஈரோட்டுக் குடும்பம் ஒன்று, ஆறு பேர்.
உள்ளே என்ன இருக்கு என்று கேட்பார்கள்.
ஷூ இருக்கு சார்.
சிவப்பு. இடது கால்.